பனியன் கம்பெனிக்கு ஒரு மெயில் செர்வர்: போடுவதும் கட்டிக்காப்பதும்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் நான்தான் ஆள். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைக் கூப்பிடுவார்கள், ஜெர்மனி பையருக்கு மெயில் போகவில்லை என்றாலும் என்னைத்தான். இரண்டாவதுதான் வயிற்றைக் கலக்கும். சரக்கு போய்ச் சேர்ந்து அதன் டாக்குமெண்ட் போய்ச் சேரவில்லை என்றால் துறைமுகத்தில் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். 2017 முதல் எங்கள் மெயில் செர்வரை நானே நடத்துகிறேன். இன்றைக்கு 78 பெட்டிகள். நடுவில் இரண்டு முறை இடம் மாற்றியாயிற்று, ஒரு முறை நன்றாகவே கையைச் சுட்டுக்கொண்டாயிற்று.

என்னைப் போல ஒரு நிறுவனத்தில் தனியாளாக இதைச் செய்யப்போகிறவருக்காக எழுதுகிறேன். மென்பொருளை நிறுவுவது அரை நாள் வேலை. அந்த செர்வர் அனுப்பும் கடிதத்தை ஊரிலுள்ள மற்ற செர்வர்கள் நம்பி வாங்கிக்கொள்வதற்கு எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அதனால் அரை நாள் வேலைக்கு அரைப் பக்கம், மிச்சமெல்லாம் அந்த நம்பிக்கைக்கு. கட்டளைகளின் பெயரை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில், இது உங்களுக்கு வேண்டுமா?

பத்துப் பேர் இருக்கும் அலுவலகம் என்றால் வேண்டாம். தலைக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் கட்டி வெளிச் சேவை ஒன்றை வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குங்கள். எங்களுக்குக் கணக்கு உதைத்தது எங்கே என்றால், கட்டிங், செக்கிங், ஸ்டோர் என்று ஒவ்வொரு பிரிவிலும் ஒரு மெயில் பெட்டி வேண்டும். அதில் நாளைக்கு நாலு மெயில்தான் வரும், ஆனால் கட்டணம், பையரோடு பேசி ஆர்டரை நடத்தும் மெர்ச்சண்டைசருக்கு ஆகிற அதே கட்டணம். 78 தலைக்கு அப்படிக் கட்ட முதலாளிக்கு மனசில்லை.

இன்னொரு கேள்வியையும் நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது போன் வந்தால் எழுந்து போகத் தயாரா? அல்லது உங்களுக்குப் பதில் போக இன்னொருவர் இருக்கிறாரா? இரண்டுமே இல்லை என்றால் செர்வர் வேண்டாம்.

இடமும் ஐபியும்

அலுவலகத்திலேயே ஒரு பெட்டியை வைத்து நடத்தலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மின்சாரம் போனால் யூபிஎஸ், யூபிஎஸ் தீர்ந்தால் ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றப்போன ஆள் சாயப்பட்டறை வரைக்கும் போய்விட்டான் என்று கதை நீளும். இப்போது இந்தியாவிலுள்ள ஒரு டேட்டா சென்டரில் வாடகைக்கு எடுத்த விபிஎஸ், அதாவது பெரிய கணினி ஒன்றில் நமக்கென ஒதுக்கிய பங்கு. 4 கோர், 8 ஜிபி ரேம். எங்கள் அளவுக்கு அது தாராளம்.

வாடகைக்கு எடுக்கும் முன் மூன்று விஷயத்தைப் பாருங்கள். வெளியே போகும் போர்ட் 25, அதாவது மெயில் செர்வர்கள் ஒன்றுக்கொன்று கடிதம் கொடுக்கும் வாசல், திறந்திருக்கிறதா? அமேசான், கூகுள் போன்ற பெரிய கிளவுடுகளில் அது தொடக்கத்திலேயே அடைத்திருக்கும். அடைத்திருந்தால் நீங்கள் எவ்வளவு அழகாக செர்வர் போட்டாலும் ஒரு கடிதம்கூட வாசலைத் தாண்டாது. அடுத்து, உங்களுக்குக் கொடுக்கும் ஐபி (இணையத்தில் செர்வரின் விலாச எண்) ஏற்கெனவே கருப்புப் பட்டியலில் இருக்கிறதா? ஸ்பேம் அனுப்பும் ஐபிகளைப் பட்டியல் போடும் ஸ்பாம்ஹாஸ் தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். வீடு வாடகைக்குப் பார்க்கிற மாதிரிதான், முன்பு குடியிருந்தவர் ஊரெல்லாம் கடன் வைத்துவிட்டுப் போயிருந்தால் கடன்காரன் நம் கதவைத்தான் தட்டுவான். மூன்றாவது பிடிஆர். அதாவது, எண்ணைக் கொடுத்தால் பெயர் திரும்ப வரவேண்டும். மெயில் செர்வரின் பெயரைக் கேட்டால் அந்த ஐபி, அந்த ஐபியைக் கேட்டால் அதே பெயர், செர்வர் தன்னை ஹெலோ சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்ளும்போதும் அதே பெயர். இந்த மூன்றும் ஒத்துப்போகாத கடிதத்தைப் பல இடங்களில் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள்.

பிடிஆரை உங்கள் டொமைன் பக்கத்தில் போய் மாற்ற முடியாது. ஐபி யாருடையதோ அவர்கள்தான் மாற்றவேண்டும். முதல் செர்வரை அலுவலக லைனில் வைத்திருந்தபோது, இந்த ஒரு வரியை மாற்றித்தர அந்த இணைய நிறுவனம் 11 நாள் எடுத்துக்கொண்டது. போன் எடுத்த ஒவ்வொருவரும் "மோடத்தை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்றார்கள். விபிஎஸ்ஸில் பெரும்பாலும் நம் கட்டுப்பாட்டுப் பக்கத்திலேயே இதற்கு ஒரு பெட்டி இருக்கும்.

எம்எக்ஸ் பதிவு, அதாவது உங்கள் டொமைனுக்கு வரும் கடிதத்தை எந்த செர்வர் வாங்கும் என்று சொல்லும் வரி, பற்றி இரண்டே வார்த்தை. அது ஒரு பெயரைச் சுட்டவேண்டும், ஐபி எண்ணைச் சுட்டக்கூடாது, சிநேம் என்ற மாற்றுப்பெயரையும் சுட்டக்கூடாது. பழைய இடத்திலிருந்து மாறுகிறீர்கள் என்றால் இரண்டு நாள் முன்பே டிடிஎல்லை (விலாசத்தை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை) 300 வினாடிக்குக் குறைத்துவையுங்கள். மாற்றிய பிறகும் ஒரு வாரம் பழைய செர்வரை அணைக்காதீர்கள். பழைய விலாசத்தையே பிடித்துக்கொண்டு வரும் கடிதங்கள் எப்படியும் சில இருக்கும்.

அரை நாள் வேலை

டெபியன் என்ற லினக்ஸ் மேல் நாலு மென்பொருள். போஸ்ட்ஃபிக்ஸ் கடிதத்தை வாங்குகிறது, அனுப்புகிறது. டவ்காட் கடிதத்தைப் பெட்டியில் வைத்து, ஆள் வந்து கேட்கும்போது அடையாளம் பார்த்துக் கொடுக்கிறது. ஆர்ஸ்பேம்டி வாசல் காவல். பிரவுசரில் பார்க்கிறவர்களுக்கு ரவுண்ட்கியூப். போஸ்ட்ஃபிக்ஸை வீட்ஸே வெனெமா ஐபிஎம்மில் இருந்தபோது எழுதி 1998இல் வெளியிட்டார். இன்றும் அதன் கையேடு மாதிரி தெளிவான கையேட்டை நான் பார்த்ததில்லை. இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளைவிட அதை நம்புங்கள்.

முக்கியமாக டவ்காட் விஷயத்தில். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் இருப்பது டவ்காட் 2.4. அதன் அமைப்புக் கோப்பின் இலக்கணமே மாறிவிட்டது. 2.3க்கு எழுதிய பழைய வரிகளை அப்படியே ஒட்டினால் செர்வர் கிளம்பவே கிளம்பாது. படிக்கும் வழிகாட்டி எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று முதலில் பாருங்கள்.

ஊழியர்களுக்கு லினக்ஸ் கணக்கு கொடுக்காதீர்கள். எல்லாரும் ஒரு தரவுத்தள அட்டவணையில் வெறும் பெயராக இருக்கட்டும். அப்படிச் செய்யும்போது எல்லாரும் விழும் பள்ளம் ஒன்று உண்டு. உங்கள் டொமைனை போஸ்ட்ஃபிக்ஸ் அமைப்புக் கோப்பின் மைடெஸ்டினேஷன் வரியிலும் போட்டு, விர்ச்சுவல் மெயில்பாக்ஸ் டொமைன்ஸ் வரியிலும் போடுவது. ஏதாவது ஒன்றில்தான் இருக்கவேண்டும். இரண்டிலும் இருந்தால் லாகில் (செர்வர் எழுதிவைக்கும் நாட்குறிப்பில்) எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும், இருக்கிற ஆளையே 'அப்படி ஒருவர் இல்லை' என்று சொல்லிக் கடிதம் திரும்பும்.

மைநெட்வொர்க்ஸ் வரியில் அந்த செர்வரின் சொந்த முகவரியைத் தவிர எதையும் சேர்க்காதீர்கள். அலுவலக ஐபியைச் சேர்த்துவிட்டால் ஸ்கேனர், பிரிண்டர் எல்லாம் பாஸ்வேர்டு இல்லாமல் அனுப்பும், வசதியாகத்தான் இருக்கும். ஆனால் பென் டிரைவில் வைரஸ் வாங்கிவந்த கட்டிங் செக்‌ஷன் கம்ப்யூட்டரும் பாஸ்வேர்டு இல்லாமலே அனுப்பும். ஸ்கேனருக்கும் ஒரு கணக்கு, அதற்கும் ஒரு பாஸ்வேர்டு.

போர்ட் 25 செர்வருக்கும் செர்வருக்கும் மட்டும். ஆட்கள் அனுப்ப 465 அல்லது 587, படிக்க 993. படிப்பதற்கான பழைய வாசல்களான 110, 143 இரண்டையும் வெளியிலிருந்து மூடிவிடுங்கள். வேலை முடிந்ததும் சம்பந்தமே இல்லாத இன்னொரு செர்வரிலிருந்து, உள்ளே நுழையாமல், உங்கள் செர்வர் வழியாக வேறு யாருக்காவது கடிதம் அனுப்பிப் பாருங்கள். 'ரிலே மறுக்கப்பட்டது' என்று 554 வந்தால்தான் அன்றைக்கு வீட்டுக்குப் போகலாம்.

இணைப்பைப் பூட்டிவைக்கும் சான்றிதழுக்கு லெட்ஸ் என்கிரிப்ட் போதும், இலவசம். காலாவதியாகும் முன்பே தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். இதில்தான் எனக்கு ஒரு திங்கட்கிழமை போயிற்று. புதுச் சான்றிதழ் வட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது, ஆனால் டவ்காட் பழையதையே நினைவில் வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கிறது. பழையது காலாவதியான அன்று காலை ஒன்பதரைக்கு ஆபீஸ் முழுக்க அவுட்லுக் கத்த ஆரம்பித்தது. போஸ்ட்ஃபிக்ஸ் தன் வேலையாட்களை அடிக்கடி மாற்றுவதால் புதுசைத் தானே எடுத்துக்கொள்ளும், டவ்காட்டுக்கு 'ரீலோட்' என்று சொல்லவேண்டும். சான்றிதழைப் புதுப்பிக்கும் செர்ட்பாட் மென்பொருளின் டிப்ளாய் ஹுக்கில் (புதுப்பித்ததும் தானாக ஓடும் கட்டளைகளில்) அந்த ஒரு வரியை எழுதிவிட்டால் தீர்ந்தது. முன்பெல்லாம் காலாவதி நெருங்கினால் லெட்ஸ் என்கிரிப்டிலிருந்தே நினைவூட்டும் கடிதம் வரும். 2025 ஜூனோடு அதை நிறுத்திவிட்டார்கள். கண்காணிப்பு நம் பொறுப்பு.

உறை, முத்திரை, உத்தரவு

இங்கேதான் இரண்டு மாதம் போயிற்று. மெதுவாகப் படியுங்கள்.

மின்னஞ்சலிலும் உறை ஒன்று, உள்ளே தாள் ஒன்று. உறையின் மேல் ஒரு அனுப்புநர், தாளின் தலைப்பில் ஒரு அனுப்புநர். படிக்கிறவர் கண்ணுக்குத் தெரிவது தாளில் இருப்பது மட்டும்தான். இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று 1982இல் எழுதிய மூல விதிகளில் கட்டாயம் இல்லை. பின்னால் வந்த எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் இந்த ஓட்டையை அடைக்கத்தான்.

எஸ்பிஎஃப் உறையைப் பார்க்கிறது. 'எங்கள் பெயரில் உறை ஒட்டி அனுப்ப இந்த ஐபிகளுக்குத்தான் உரிமை' என்று டிஎன்எஸ்ஸில், அதாவது இணையத்தின் விலாசப் புத்தகத்தில், ஒரு வரி எழுதிவைக்கிறோம். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் வரிதான். இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது. அந்த வரி வேறு பெயர்களைக் கைகாட்டலாம், ஆனால் சரிபார்க்கிறவர் மொத்தம் 10 தேடலுக்கு மேல் தேடமாட்டார். எங்கள் பழைய வரியில் முன்னாள் வெப்சைட்காரர், எப்போதோ நிறுத்திவிட்ட நியூஸ்லெட்டர் சேவை, இன்னும் யார் யாரோ என்று 14 தேடல் இருந்தது. அதாவது அந்த வரி எழுதியும் எழுதாத மாதிரி. வேண்டாதவர்களை வெட்டினால் நாலில் முடிந்தது.

டிகிம் அரக்கு முத்திரை. செர்வர் தன்னிடமுள்ள ரகசியச் சாவியால் தாளின் மேல் கையெழுத்திடுகிறது, அதன் பொதுச் சாவியை டிஎன்எஸ்ஸில் வைக்கிறோம். நடுவில் யாராவது தாளைத் திருத்தினால் முத்திரை உடையும். கடிதத்தை ஒருவர் இன்னொருவருக்கு அப்படியே ஃபார்வர்ட் செய்யும்படி வைத்திருந்தால் எஸ்பிஎஃப் தோற்றுவிடும், ஏனென்றால் உறையைக் கொண்டுவருகிற ஆள் மாறிவிட்டார். முத்திரை அப்போதும் நிற்கும். அதனால் இரண்டில் எது முக்கியம் என்றால் டிகிம்தான். சாவி 2048 பிட் இருக்கட்டும். டிஎன்எஸ்ஸில் ஒரு சரத்துக்கு 255 எழுத்துதான் இடம், இந்தச் சாவி அதைவிட நீளம். இரண்டு மேற்கோள் துண்டுகளாகப் பிரித்துப் போடவேண்டும். சில டொமைன் நிறுவனங்களின் பக்கம் நீளமான வரியைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். போட்டபின் வெளியிலிருந்து கேட்டு, கடைசி எழுத்துவரை வருகிறதா என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை, ஒரு வாரம் போயிற்று.

டிமார்க் உத்தரவு. தாளில் உள்ள டொமைனோடு ஒத்துப்போகிற உறையோ முத்திரையோ ஒன்றாவது சரியாக இருக்கவேண்டும், இல்லையென்றால் என்ன செய்யவேண்டும் என்று பெறுகிறவருக்கு நாம் சொல்லிவைப்பது. 'ஒன்றும் செய்யாதே, எனக்கு அறிக்கை மட்டும் அனுப்பு', 'ஸ்பேமில் தள்ளு', 'வாங்காதே' என்று மூன்று படி. எடுத்தவுடன் மூன்றாவது படிக்குத் தாவாதீர்கள். முதல் படியில் குறைந்தது ஆறு வாரம் இருங்கள். தினமும் பெரிய சேவைகளிடமிருந்து சுருக்கிய எக்ஸ்எம்எல் கோப்பாக அறிக்கை வரும். அதைப் படித்துத்தான் எங்கள் பெயரில் யார் யாரெல்லாம் மெயில் அனுப்புகிறார்கள் என்றே எனக்குத் தெரிந்தது. சம்பளச் சீட்டு அனுப்பும் மென்பொருள் அதன் சொந்த செர்வரிலிருந்து அனுப்பிக்கொண்டிருந்தது. ஜிஎஸ்டிக்கு முந்தைய சி-ஃபார்ம் காலத்தில் வாங்கிய ஒரு ஈஆர்பி (கம்பெனி நிர்வாக மென்பொருள்), இன்னொரு மூலையிலிருந்து. மூன்றாவது யாரென்று பார்த்தால் வெப்சைட்டின் 'தொடர்புகொள்ள' படிவம். ஒவ்வொன்றையும் எங்கள் செர்வரில் கணக்கு கொடுத்து உள்ளே இழுத்த பிறகே 'ஸ்பேமில் தள்ளு', இரண்டு மாதம் கழித்து 'வாங்காதே'.

இதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு என்று நினைக்கவேண்டாம். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் விதியை இறுக்கிவிட்டார்கள். ஜிமெயிலுக்கு நாளைக்கு 5,000க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றுமே கட்டாயம். பத்து மெயில் அனுப்புகிறவருக்கும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது வேண்டும், கூடவே பிடிஆரும், வழியில் யாரும் படிக்காதபடி பூட்டி அனுப்பும் டிஎல்எஸ்ஸும்.

எல்லாம் சரியாக இருந்தும் புது ஐபிக்கு மரியாதை உடனே கிடைக்காது. புது செர்வர் போட்ட இரண்டாவது வாரம் டிசம்பர் 31. எங்கள் மார்க்கெட்டிங் தம்பி பழைய பையர்கள், கண்காட்சியில் கார்டு கொடுத்தவர்கள் என்று 2,400 பேருக்குப் புத்தாண்டு வாழ்த்தை பிசிசி போட்டு ஒரே அடியில் அனுப்பிவிட்டான். பாதி முகவரி செத்துப்போனவை. பெரிய மெயில் சேவை ஒன்று எங்களை எட்டு நாள் வாசலிலேயே நிறுத்திவைத்தது. தப்பு எங்களுடையதுதான். முதல் மாதம் அன்றாட வேலைக் கடிதங்கள் மட்டும் போகட்டும். மொத்தமாக அனுப்புவது என்றைக்குமே இந்த செர்வரில் வேண்டாம். அதற்கென்று வேறு சேவை, வேறு துணை டொமைன்.

உள்ளே வருவது

ஆர்ஸ்பேம்டி தன்னியல்பில் நன்றாகவே பிடிக்கும். ஒரே ஒரு நுணுக்கம். செர்வர் தன் டிஎன்எஸ் கேள்விகளுக்கு கூகுளின் 8.8.8.8ஐ நம்பியிருந்தால் ஸ்பாம்ஹாஸ் பட்டியல் வேலை செய்யாது. அதுபோன்ற பொது டிஎன்எஸ் செர்வர்கள் வழியாக வரும் கேள்விகளுக்கு அவர்கள் பதில் சொல்வதில்லை. அன்பவுண்ட் என்ற சின்ன மென்பொருளை அதே செர்வரில் போட்டு, அதைக் கேட்கச்செய்யுங்கள்.

தெரியாதவரைக் 'கொஞ்சம் கழித்து வா' என்று திருப்பும் கிரேலிஸ்டிங்கை எல்லாருக்கும் போடாதீர்கள். ஓடிபி பத்து நிமிடத்தில் காலாவதியாகும், நம் செர்வர் அதைப் பதினைந்து நிமிடம் வாசலில் நிற்கவைக்கும். ஷிப்பிங் பில் போட உட்கார்ந்திருக்கும் ஆள் என் மேஜைக்கு நேரில் வந்துவிட்டார். சந்தேக மதிப்பெண் கொஞ்சம் கூடியவர்களுக்கு மட்டும் அது போதும்.

எந்த மென்பொருளும் பிடிக்காத ஒன்றைத் திருப்பூரில் எல்லாக் கம்பெனியும் ஒருமுறையாவது பார்த்திருக்கும். பையரோடு நாலு மாதமாக நடக்கும் மெயில் உரையாடலின் நடுவில் ஒருவன் புகுவான். டொமைன் ஒரே எழுத்து வித்தியாசம். ஆங்கில 'எம்' இருக்கவேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி வைத்திருப்பான், கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் அனுப்பவும்'. அந்தப் போலி டொமைனுக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் எல்லாம் ஒழுங்காகவே வைத்திருப்பான், ஆகவே பரீட்சையில் தேறிவிடுவான். எங்கள் பையர் ஒருவர் பணம் அனுப்பும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டதால் தப்பித்தோம். அதிலிருந்து எங்கள் ஒவ்வொரு இன்வாய்ஸிலும் ஒரு வரி அச்சாகிறது: கணக்கு எண் மாற்றத்தை மெயிலில் சொல்லமாட்டோம், சொன்னால் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் போன் எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள். நான் போட்ட பாதுகாப்புகளிலேயே செலவில்லாததும் உறுதியானதும் இதுதான்.

தினசரி

காலையில் டீ குடிக்கும் முன் மெயில்க்யூ கட்டளையை ஒரு தடவை தட்டுங்கள். எங்களுக்குச் சாதாரணமாக ஐந்து, ஆறு கடிதம் வரிசையில் நிற்கும். ஐம்பது நின்றால் ஏதோ இருக்கிறது. எதிர் செர்வர் சொல்லும் பதில் எண் நாலில் தொடங்கினால் 'இப்போது முடியாது, அப்புறம் வா'. ஐந்தில் தொடங்குவது 'வராதே'. நாலுக்கு போஸ்ட்ஃபிக்ஸ் தானே திரும்பத் திரும்ப முயலும், மொத்தம் ஐந்து நாள். அதற்குமுன் அனுப்பினவருக்கு ஒரு வார்த்தை சொல்லாது, ஏனென்றால் தாமத எச்சரிக்கை தொடக்கத்தில் பூஜ்யமாக வைத்திருக்கிறார்கள். ஐந்து நாளில் கப்பல் கொழும்பைத் தாண்டிவிடும். டிலே வார்னிங் டைம் வரியில் நாலு மணி நேரம் என்று எழுதுங்கள்.

லாக் படிக்கப் பழகுவதுதான் இந்த வேலையின் பாதி. எங்கள் ஷிப்பிங் மேனேஜர் வாரம் ஒரு தடவையாவது வந்து நிற்பார்.

"ஏனுங் தம்பி, நேத்து அனுப்புன பிஎல் காப்பி வல்லைனு சொல்றானுங்களே. நம்ம மெயிலு போச்சா, போகலையா?"

"போயிருச்சுங்ணா. சாயந்திரம் 6.42க்கு அவுங்க செர்வரே வாங்கிக்கிட்டேன்னு சொல்லியிருக்குதுங்ணா. இந்த நம்பரை அவுங்க ஐடி ஆளுகிட்டக் குடுத்துத் தேடச் சொல்லுங்."

லாகில் அந்தக் கடிதத்தின் கடைசி வரியில் 250 என்றும், எதிர் செர்வர் கொடுத்த வரிசை எண்ணும் இருக்கும். அதை அப்படியே எடுத்து அனுப்பினால் பேச்சு முடிந்தது. பெரும்பாலும் அவர்களுடைய ஸ்பேம் கூடையில்தான் கிடக்கும்.

அந்த லாகை 180 நாள் வைத்திருக்கவேண்டும், அதுவும் இந்தியாவுக்குள். 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சிஇஆர்டி-இன் போட்ட உத்தரவு அது, நம்மைப் போன்ற கம்பெனிகளுக்கும் சேர்த்துத்தான். செர்வரின் கடிகாரத்தை என்ஐசி அல்லது என்பிஎல் என்ற அரசு நிறுவனங்களின் நேரத்தோடு இணைத்து வைக்கச் சொல்கிறது, அத்துமீறி யாராவது உள்ளே நுழைந்தால் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது. பழைய லாகை அழிக்கும் லாக்ரொட்டேட் தொடக்கத்தில் சில வாரங்கள்தான் வைத்திருக்கும், மாற்றிக்கொள்ளுங்கள்.

தவறான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பப் போடும் ஐபியைத் தடுக்கும் ஃபெயில்டுபேன் போடுங்கள், ஆனால் அலுவலக ஐபியை அதன் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டுப் போடுங்கள். பாஸ்வேர்டை மாற்றிய ஒரு மெர்ச்சண்டைசர் தன் போனில் மாற்ற மறந்துவிட்டார். அந்தப் போன் பழைய பாஸ்வேர்டை வைத்துத் தட்டிக்கொண்டே இருந்தது. செர்வர் அலுவலக ஐபியையே தடுத்துவிட்டது. ஒரு போன், 78 பேருக்கும் மெயில் இல்லை.

கையைச் சுட்டுக்கொண்ட கதை

2021இல் ஒரு திங்கட்கிழமை. வரிசையில் 14,000க்கு மேல் கடிதம். ஸ்டோர் கணக்கின் பாஸ்வேர்டு கம்பெனி பெயரும் 123உம். சனிக்கிழமை இரவு எவனோ கண்டுபிடித்து, ஞாயிறு முழுக்க எங்கள் செர்வரிலிருந்து லாட்டரிக் கடிதம் அனுப்பியிருக்கிறான்.

அப்போது நான் செய்தது எல்லாம் தலைகீழ் வரிசை. சரியான வரிசை இது: முதலில் போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்துங்கள், ஒவ்வொரு நிமிடமும் பெயர் கெடுகிறது. பிறகு அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றி, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களை டவ்காட்டிலிருந்து வெளியேற்றுங்கள். பாஸ்வேர்டு மாறினாலும் திறந்த இணைப்பு அப்படியே இருக்கும். அப்புறம் அந்த அனுப்புநரின் கடிதங்களை மட்டும் போஸ்ட்சூப்பர் கட்டளை கொண்டு அழியுங்கள். பதற்றத்தில் மொத்த வரிசையையும் அழித்தால் நல்ல கடிதமும் சேர்ந்து போகும், எனக்குப் போயிற்று. பெட்டிக்குள் போய் ஃபார்வர்ட் விதி எதையாவது வைத்துவிட்டுப் போயிருக்கிறானா என்று பாருங்கள். இதை மறப்பவர்கள் அதிகம். திருடன் போனபிறகும் வரும் கடிதத்தின் நகல் அவனுக்குப் போய்க்கொண்டே இருக்கும். கடைசியில்தான் கருப்புப் பட்டியல்களில் பெயரை நீக்க விண்ணப்பம். காரணத்தைச் சரிசெய்யாமல் விண்ணப்பித்தால் மறுபடி ஏற்றுவார்கள், இரண்டாம் முறை இறங்குவது கடினம்.

இப்போது ஒரு ஆள் மணிக்கு 200 பெறுநருக்கு மேல் அனுப்பமுடியாது. போஸ்ட்ஃபிக்ஸின் சொந்த வரம்பு ஐபியைத்தான் எண்ணும், ஆளை எண்ணாது. ஆள் கணக்கில் எண்ண ஆர்ஸ்பேம்டியின் ரேட்லிமிட் பகுதியைப் பயன்படுத்துங்கள். வரம்பைத் தொட்டால் என் போனுக்குச் செய்தி வரும். மூன்று வருடத்தில் நாலு முறை வந்தது. மூன்று முறை அது அதே மார்க்கெட்டிங் தம்பி.

பெட்டி, அளவு, நகல்

போஸ்ட்ஃபிக்ஸின் தொடக்க வரம்பு ஒரு கடிதத்துக்கு 1,02,40,000 பைட், சுமார் 10 எம்பி. இணைப்புக் கோப்பு அனுப்பும்போது மூன்றில் ஒரு பங்கு வீங்கும் என்பதால் 7 எம்பி டெக் பேக் போகும், 9 எம்பி ஆர்ட்வொர்க் போகாது. 'பத்துக்குக் கீழேதானே சார் இருக்கு' என்று எல்லாரும் சண்டைக்கு வருவார்கள். நான் 35 எம்பி வைத்திருக்கிறேன், அதற்கு மேல் போனால் லிங்க் அனுப்பச் சொல்லிவிட்டேன்.

பாப்3 யாருக்கும் கொடுக்கவேண்டாம். அது கடிதத்தைக் கம்ப்யூட்டருக்கு இறக்கி செர்வரில் அழித்துவிடும். கடிதத்தை செர்வரிலேயே வைத்துப் படிக்கும் ஐமேப் மட்டும். ஹார்டு டிஸ்க் போன அன்று கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பவருக்கு நாம் தரக்கூடிய ஒரே ஆறுதல், எல்லாம் செர்வரில் இருக்கிறது என்பதுதான்.

செர்வரில் இருப்பது மட்டும் போதாது. தினமும் இரவு 2 மணிக்கு வேறு ஊரிலுள்ள இன்னொரு கணினிக்குப் போர்க் என்ற நகல் மென்பொருள் கொண்டு நகல். மெயில்களோடு அமைப்புக் கோப்புகள், தரவுத்தளம், டிகிம் ரகசியச் சாவி எல்லாம் சேர்த்து. மாதம் ஒரு முறை யாராவது ஒருவருடைய பெட்டியை எடுத்து நகலிலிருந்து மீட்டுப் பார்ப்பேன். முதல் தடவை பார்த்தபோது தெரிந்தது, ஐந்து மாதமாக நகல் ஓடிக்கொண்டிருந்தது காலியான ஒரு கோப்புறைக்கு.

மாற்று எம்எக்ஸ் வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். உங்கள் செர்வர் ஒரு நாள் படுத்தாலும் அனுப்பினவருடைய செர்வர் நாலைந்து நாள் வைத்திருந்து முயலும். இரண்டாம் வாசலைத் திறந்துவைத்தால் அதில் காவல் குறைவு என்று ஸ்பேம்காரர்கள்தான் முதலில் வருவார்கள்.

ஆட்கள்

இந்த ஊரில் மெர்ச்சண்டைசர்கள் சீசனுக்கு ஒரு கம்பெனி மாறுவார்கள். ஆள் பெயரில் முகவரி கொடுத்தால் ஆள் போகும்போது பையரும் போகிறார். பையர் வாரியாக, வேலை வாரியாக முகவரி கொடுங்கள், அதன் பின்னால் யார் இருக்கிறார் என்பது நமக்குள் இருக்கட்டும். போஸ்ட்மாஸ்டர், அப்யூஸ் என்ற இரண்டு முகவரிகளும் கட்டாயம் இருக்கவேண்டும், யாராவது படிக்கவும் வேண்டும். எங்களிடமிருந்து ஸ்பேம் வருகிறது என்று 2021இல் ஒரு பல்கலைக்கழக ஆள் ஞாயிற்றுக்கிழமை மதியமே எழுதியிருந்தார். நான் அந்தப் பெட்டியைத் திறந்தது புதன்கிழமை.

தமிழிலேயே முகவரி வைக்கலாமா என்று முதலாளி ஒரு நாள் ஆசையாகக் கேட்டார். வைக்கலாம். 2015இல் வந்த போஸ்ட்ஃபிக்ஸ் 3.0 முதல் அதற்கு வழியிருக்கிறது, .இந்தியா என்று டொமைனும் கிடைக்கும். ஒன்று வைத்தும் கொடுத்தேன். ஜிமெயிலோடு போய்வருகிறது. ஆனால் வெப்சைட் படிவங்கள் பலவற்றில் போட்டால் 'சரியான முகவரி கொடுக்கவும்' என்று சிவப்பில் எழுதுகிறது. விசிட்டிங் கார்டில் இரண்டு முகவரியும் போட்டிருக்கிறார்.

இன்னும் ஒன்று. டொமைன் பதிவு செய்த இடத்தில் தொடர்பு முகவரியாக அதே டொமைனின் மெயிலைக் கொடுக்காதீர்கள். கட்டணம் கட்டின கார்டு காலாவதியாகிவிட்டது, புதுப்பிக்க முடியவில்லை என்று அவர்கள் அனுப்பிய கடைசி நினைவூட்டல், டொமைன் முடக்கப்பட்டதால் வந்து சேர முடியாமல் போன டொமைன் எங்களுடையது. ஆறு மணி நேரம். இப்போது அந்த இடத்தில் என் சொந்த ஜிமெயில், கூடவே அக்கவுண்ட்ஸ் அக்காவின் போன் எண். டொமைன் தேதி, டிஎன்எஸ் கணக்கு, விபிஎஸ் கணக்கு, நகல் எங்கே, அதன் பாஸ்வேர்டு என்ன என்று ஒரே தாளில் அச்சடித்து, உறையிலிட்டு, அக்காவின் லாக்கரில் வைத்திருக்கிறேன். வருடா வருடம் ஆயுத பூஜைக்கு லாக்கரைத் திறக்கும்போது பழைய தாளை எடுத்துவிட்டுப் புதுசை வைக்கிறேன்.